இந்தப் புத்தகத்துக்கு நோட்ஸ் இல்லையா?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். கள்ளக்குறிச்சியில் குடியிருந்துகொண்டு, கல்வராயன்மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலைக்குத் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன். காலை ஏழரைக்கு ஒரு ஷேர் ஜீப் எங்கள் தெருமுனை வழியாக மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்குப் போகும். அதை விட்டுவிட்டுப் பஸ் பிடித்துப் போனால், நான் போய்ச் சேருவதற்குள் மருந்துச் சீட்டோடு ஒரு கூட்டமே வரிசையில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் என் கணக்கில் அரை நாள் லீவு போட்டுவிடுவார். ஆக, என் பிழைப்பே அந்த ஜீப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜீப் டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். என்னை "யக்கா" என்பார், நான் "தம்பி" என்பேன். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணை கடந்து, வண்டி மலையேறத் தொடங்கியதும் அவர் கதை சொல்லத் தொடங்குவார். எல்லாம் சொந்தக் கதைதான். அவருடைய மச்சான் கல்யாணத்துக்குப் போன சொந்தக்காரர்கள் மண்டபம் மாறிப்போய், யாரோ ஒருவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ரசம் வரைக்கும் வந்துவிட்ட கதையை மட்டும் நான்கு நாள் சொன்னார். வெள்ளிமலை வந்ததும் கதையைச் சரியான இடத்தில் நிறுத்தி, "மீதி நாளைக்கு" என்று இறங்கிவிடுவார். மலையில் கருவாடு விற்கப் போகும் ஓர் அம்மா தினமும் எங்களோடு வருவார். மீதிக் கதைக்காகவே லீவு போடாமல் வியாபாரத்துக்கு வருவதாகச் சொல்வார்.

நானோ புத்தகப் பைத்தியம். வடை மடித்த காகிதத்தைக்கூடப் பிரித்து, எண்ணெய்க் கறைக்கு நடுவில் படிக்கிற ரகம். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. படிக்காதவர்களைக் கண்டால் எனக்கு ஓர் இளக்காரம். இவ்வளவு அழகாகக் கதை சொல்கிற மனிதர் ஒரு புத்தகத்தைக்கூடத் தொட்டதில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தம்பி, நீங்க படிக்கிறது உண்டா?"

"பத்தாவது ஃபெயிலுக்கா."

"அதைக் கேக்கலை. கதை புக்கு, நாவல், அந்த மாதிரி…"

"அதான் சொல்றனேக்கா, ஃபெயிலு. அதுக்கப்புறம் இன்னாத்துக்குப் படிக்கணும்?"

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள், இவரைப் படிக்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாளே ஒரு நாவலைக் கொண்டுபோனேன். லாரி டிரைவர் ஒருவரைப் பற்றிய கதை, நூற்றைம்பது பக்கம். அவருக்கென்றே எழுதியது போலிருக்கும். எல்லோர் முன்னாலும் அதை அவர் கையில் கொடுத்து, "சீக்கிரம் படிச்சு முடிங்க தம்பி. முடிச்சதும் கேட்பேன்!" என்றேன்.

படித்துவிட்டு எப்படி இருந்தது என்று கேட்பேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன், சத்தியமாக.

அன்றிலிருந்து ஜீப்பில் கதை நின்றுபோனது. தினமும் ஏறியதும் நான், "எத்தனாவது பக்கம் தம்பி?" என்பேன். அவர், "படிச்சிக்கினு இருக்கேங்க்கா" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொல்வார். அப்புறம் வெள்ளிமலை வரைக்கும் பேச்சே இருக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பியபடி உதடு மட்டும் ஏதோ முணுமுணுக்கும். கருவாட்டுக்கார அம்மா பின்சீட்டில் என் காதருகே குனிந்து, "மந்திரம் கிந்திரம் சொல்றானா? எதுனா வேண்டுதலா இருக்குமோ?" என்று கேட்டார். வண்டியில் மந்தாரம் போட்டதற்குக் காரணம் நான்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டாவது வாரம், தெருமுனையில் நான் கையைக் காட்டக் காட்ட ஜீப் நிற்காமல் போனது. கவனிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. பின்னாலிருந்து கருவாட்டுக்கார அம்மா மட்டும் பரிதாபமாகக் கையசைத்துக்கொண்டே போனார். இரண்டு நாளும் அரை நாள் லீவு. "இன்னொரு தடவை லேட்டானா மேலே எழுதிடுவேம்மா" என்றார் டாக்டர்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? என் புத்தகத்தையும் அமுக்கிக்கொண்டு, என்னையும் ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறாரே! மாத்திரை வாங்க வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துப் பிரசங்கம் செய்தேன். மக்கள் ஏன் படிப்பதில்லை தெரியுமா? சோம்பேறித்தனம். செல்போன். அக்கறையின்மை. இருமலுக்கு வந்த ஒரு பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்றார்.

மூன்றாவது நாள் ஆறே முக்காலுக்கே ஜீப் கிளம்பும் இடத்துக்குப் போய்விட்டேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். முன்சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கே தம்பி என் புக்கு?" என்றேன்.

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து எடுத்தார். எனக்கே என் புத்தகம் அடையாளம் தெரியவில்லை. பிரவுன் பேப்பரில் மடிப்புக் கலையாமல் அட்டை போட்டு, லேபிள் ஒட்டியிருந்தது. லேபிளில் குண்டு குண்டான எழுத்தில் அவர் பெயர். கீழே, 'பாடம்: தமிழ்' என்று போட்டிருந்தது. எட்டாவது படிக்கும் மகளின் கைவேலையாம்.

புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். கையைக் கட்டிக்கொண்டார்.

"கேளுங்கக்கா."

"என்னத்தை?"

"கேப்பேன்னீங்களே. மூணு பக்கந்தான் மனப்பாடம் ஆச்சி. மீதிக்கி நோட்ஸ் வாங்கலாம்னு கடை கடையா பூந்து வந்துட்டேன். இந்த புக்குக்கு நோட்ஸே வர்லியாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். முதல் பக்கம், முதல் வரியிலிருந்து, மூச்சு விடாமல். ஓர் எழுத்து பிசகவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். மூன்றாவது பக்கத்தில் ஓரிடத்தில் சிக்கி, கண்ணை மூடிக்கொண்டு திணறினார். வண்டிக்குப் பின்னாலிருந்து கருவாட்டுக்கார அம்மா, "அப்பறம் டயரு பஞ்சராவுதுப்பா, சொல்லு!" என்று எடுத்துக் கொடுத்தார். இரண்டு வாரமாக முணுமுணுப்பைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் பாடமாகியிருந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. கட்டிய கையை இன்னும் எடுக்கவில்லை. பள்ளத்தைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற மனிதர்.

"ஏன் தம்பி நிறுத்தாம போனீங்க?" என்றேன், குரலை இறக்கி.

"வண்டில அத்தினி பேரு முன்னாடி கேட்டு, எனுக்குத் தெரியலன்னா? தினம் மூஞ்சி பாக்குற ஜனங்கக்கா. வாத்தியாரு அப்பிடித்தான் நிக்க வெச்சிக் கேப்பாரு. அதுக்கு பயந்துக்கினுதான் பத்தாவதுல ஸ்கூலுக்கே போவாம நின்னு, ஃபெயிலாயிட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இது பரீட்சை இல்ல தம்பி. நல்லா இருந்தா படிங்க, இல்லன்னா மூடி வெச்சிடுங்க" என்றேன்.

"பாதில வுட்டாகூட ஆரும் கேக்க மாட்டாங்களா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்ப நீங்களே வெச்சிக்கங்க" என்று நிம்மதியாக ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

கோமுகி அணை தாண்டும்போது அவரே பேசினார். "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? அதுல ஒரு இடத்துல லோடு வண்டி நாலாவது கியர்ல மலை ஏறுதுக்கா. நின்னுபூடும்க்கா வண்டி! எழுதுனவரு லாரியே ஏறுனதில்ல போலிருக்குது." அந்த நாவலை நான் இரண்டு முறை படித்திருந்தேன். கியர் என் கண்ணில் படவே இல்லை. சற்று முன் அவர் ஒப்பித்த மூன்று பக்கங்களிலும் அது வரவில்லை. எங்கோ நடுவில், யாருக்கும் ஒப்பிக்க வேண்டிய அவசியமில்லாத ஒரு பக்கத்தை, தனக்காகவே படித்திருக்கிறார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவர் தன் மச்சான் கதைக்குத் தாவிவிட்டார். வண்டி முழுக்கச் சிரிப்பு.

அவர் அதற்குப் பிறகு என்னிடம் புத்தகம் வாங்கவில்லை. இன்று யாருக்காவது புத்தகம் கொடுத்தால், 'படிச்சாச்சா?' என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன். படிப்பது என்றாலே யாரோ கேட்பார்கள் என்று பயந்து பள்ளிக்கூடத்தை விட்டே ஓடிவந்த ஒரு மனிதரிடம், இத்தனை வருடம் கழித்து அந்த 'யாரோ'வாக நானே போய் நின்றேனே என்று நினைத்தால், இப்போதும் சிரிப்போடு சேர்ந்து நெஞ்சில் சுருக்கென்கிறது.