ஆலயப் படியில் நடந்த கல்யாணம்

கோயமுத்தூரில் ஆலயத்துக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னை இந்து என்று நினைத்துவிட்டார்கள். போதகரின் மனைவி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஞானஸ்நானம் எடுத்தவங்கதானுங்களா, அம்மணி?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். அவர் கையை விட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "பாவம், பழசு இன்னும் போகலீங்களாட்ட இருக்குது" என்றாள். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல் என்று என் கணவர் விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். "இனிமே ஆமான்னே சொல்லிப் பழகிக்குங்க, அம்மணி. ஆண்டவருக்குப் புரியோணுமில்லீங்களா" என்றார் போதகரின் மனைவி. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினால் கடவுளுக்கு நம் தமிழ் மறந்துபோகும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

என் கணவர் சென்னையில் படித்து, இங்கே ஒரு மில்லில் நூற்புப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தவர். கல்யாணமான கையோடு என்னையும் அழைத்து வந்துவிட்டார். கணபதியில் குடியிருக்கிறோம். இந்த ஊர் மரியாதையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான். நாயைத் துரத்தும்போது மட்டும்தான் இங்கே 'ங்க' போடுவதில்லை. ஆலயத்திலும் அதே மரியாதை. உள்ளே போனதும், "எந்த வாங்கில் இருக்கிறது?" என்று கேட்டேன். "என்னத்தைங்க வாங்கோணும்?" என்றாள் ஒருத்தி. வாங்கு என்றால் இங்கே பெஞ்சு. முன்னால் பெஞ்சுகள், பின்னால் பாய்கள். யார் எங்கே உட்காருவது என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. என்னை எங்கே வைப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. "ஏனுங்க, நீங்க ஊருல எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்கள். வடமராட்சிப் பக்கம் என்றேன். "அதில்லீங்க, உங்க ஆளுகெல்லாம் எந்தப் பக்கமுங்க?" கடற்கரைப் பக்கம் என்றேன். மீன்பிடிக்கிறவர்களாக்கும் என்று கேட்ட முகங்கள் வாடிவிட்டன. அன்று சுவரோரத்தில் தனியாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மறுவாரத்துக்குள் மில்லில் என் கணவரிடம் நேராகவே கேட்டு, திருப்தியாகி, எங்களை மூன்றாவது பெஞ்சுக்கு உயர்த்தினார்கள். நாற்காலியிலிருந்து பெஞ்சுக்குப் போனதை உயர்வு என்று அங்கே எல்லோருமே வாழ்த்தினார்கள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கும் நீங்கள் சிரிக்கலாம். அதிகம் சிரிக்க வேண்டாம். நம் ஊர் ஆலயத்தில் என் தகப்பனாருடைய வாங்கு முன்வரிசையில் இருக்கிறது. கதவோரத்தில் நின்றுகொண்டு ஆராதனையை முடிப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு முழங்கால் வலிக்காது என்பதுபோல நாம் நீண்ட ஜெபம் செய்வோம். அங்கே மரியாதைச் சொல் இல்லாமல் செய்வதை இங்கே மரியாதைச் சொல்லோடு செய்கிறார்கள். நான் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

சபையில் மூத்தவர் ஜீவரத்தினம். மரக்கடைக்காரர். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பும் உண்டு. "சாப்பிட்டாச்சுங்களா?" என்று மற்றவர்கள் கேட்கிற தொனியில் அவர், "ரட்சிக்கப்பட்டாச்சுங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் அப்போதே ரட்சித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. எழுப்புதல் கூட்டங்களில் வருஷந்தோறும் சாட்சி சொல்வார். பீடி குடித்ததும், சினிமா பார்த்ததும், தேவனுடைய அன்பு அந்தச் சேற்றிலிருந்து தன்னைத் தூக்கி எடுத்ததும் கேட்கிறவர்களுக்கு மனப்பாடம். இருளிலிருந்து ஒளிக்கு வந்துவிட்டேன் என்று முடிக்கும்போது குரல் தழுதழுக்கும். அவருடைய பாவங்களின் பட்டியலில் ஆலயத்தின் பின்பக்கத்துப் பாய் மட்டும் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. இத்தனை மலிவான இருளிலிருந்து ஒரு மனிதனை மீட்பதற்காகவா கடவுள் சிலுவை வரைக்கும் வந்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பாயில் உட்காருகிறவர்களில் எஸ்தரம்மா ஒருத்தி. மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்குகிற வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் லேயாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்று மாலையில் என் வீட்டுக்கு வந்து படித்தவள். பெரிய சிரிப்பும் கூர்மையான வாயும் உள்ள பெண். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும், கருமத்தம்பட்டியில் தறிப் பட்டறை ஒன்றில் மெக்கானிக்காக இருந்த சாமுவேலோடு கல்யாணம் பேசினார்கள். அப்போதுதான் சிக்கல் வந்தது. பாய்க்காரர்களின் கல்யாணம் ஆலயத்துக்குள் நடப்பதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடக் கொட்டகையில்தான் நடக்கும்.

"எனக்குக் கொட்டகை வேண்டாமுங்க, டீச்சரம்மா" என்றாள் லேயாள். "மரக்கடைக்காரரு மூல ஆபரேசனுக்கு வந்தப்ப நான்தானுங்க கட்டுப் போட்டது. எந்தப் பக்கம்னு அன்னைக்கு அவரு கேக்கலீங்க. நான் நடுப்பாதையில நடந்து போயித்தான் கல்யாணம் பண்ணுவேன்."

எஸ்தரம்மா கேட்டுக்கொண்டபடி நான் போதகரிடம் போனேன். கெட்ட மனிதர் அல்ல. எலுமிச்சைச் சாறு கொடுத்தார். "தேவ அன்புல எல்லாரும் ஒண்ணுதானுங்க, அம்மணி. ஆனா ஒரு ஒழுங்கு இருக்குதில்லீங்களா? கொட்டகையிலயும் அதே ஆண்டவருதானுங்க" என்றார்.

"அப்ப ஜீவரத்தினத்தின்ர மகளுக்கும் கொட்டகையில செய்வியளோ?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்காக ஜெபம் பண்ணுவோமுங்க" என்றார். அந்தச் சபையில் பேச்சை மூடி வைக்க உதவும் தட்டுக்கு ஜெபம் என்று பெயர்.

மறுநாள் லேயாள் தானே போதகரிடம் போய், ஆலயத்தில் இடமில்லை என்றால் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்கிறேன், ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒளிக்காமல் சொல்வேன் என்றாள். பேராயர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருடைய ஜெபத்துக்கு உடனே பதில் கொடுத்தது. சனிக்கிழமை காலை, ஆலயத்துக்குள்ளேயே என்று தேதி குறித்தார்.

சனிக்கிழமை நாங்கள் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி ஜீவரத்தினத்திடம். அவரோ விடிகாலையிலேயே தோப்பைப் பார்க்க உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டார். கொட்டகை மட்டும் கூட்டிப் பெருக்கி, தோரணம் கட்டித் தயாராக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் போதகர் அங்கியோடு வியர்த்து நின்றார். "அவசரமாப் போயிட்டாருங்க. அங்க நாற்காலியெல்லாம் போட்டு வெச்சிருக்குதுங்க" என்றார். சாமுவேலின் சொந்தக்காரர்கள் இரண்டொருவர் கொட்டகையைப் பார்த்து நகரத் தொடங்கினார்கள். பழகிய கால்கள்.

எஸ்தரம்மா பூட்டை இழுத்துப் பார்த்தாள். "கதவத்தானுங்களே பூட்டிப்போட்டுப் போனாரு. படியக் கையோட கொண்டு போகலியே" என்றாள்.

லேயாள் வெள்ளைச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேல்படியில் ஏறி, தெருவைப் பார்க்கத் திரும்பி நின்றாள். சாமுவேல் ஒரு நொடி தயங்கிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"இங்கயே நடத்துங்க, அய்யா."

"வெயிலடிக்குது, கண்ணு" என்றார் போதகர்.

"அடிக்கட்டுங்க. எல்லாத்துக்கும் நல்லாத் தெரியட்டும்."

அந்த நேரத்தில் மில் சங்கு ஊதியது. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். எதிர்ச்சாரி மளிகைக் கடை முஸ்லிம் பெரியவர், போதகருக்கு வெயில் படாமலிருக்கக் குடையோடு ஓடி வந்து பிடித்துக்கொண்டார். பெஞ்சுக்காரர்களில் நானும் என் கணவரும் மட்டும்தான் வந்திருந்தோம். போதகரின் குரல் முதலில் நடுங்கியது. உடன்படிக்கை சொல்லிக் கொடுக்கும் இடத்தில் ஏனோ குடையை விலக்கச் சொன்னார். பிறகு அவர் குரல் தெருக்கோடிக்கும் கேட்டது. ஒளியில் நடப்பதைப் பற்றி அவர் செய்த பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றிலும் கொட்டாவி விட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வார்த்தை கூட அதைப் பற்றி அவர் சொல்லவில்லை. ஒளி என்றால் மனதுக்குள் எரியும் இதமான விளக்கு என்றுதான் பெஞ்சுகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். உண்மையில் அது கண் கூசும், மறைந்துகொள்ள ஒரு தூண்கூட இராது, நிற்கிறவர்களை ஊரே பார்க்கும். மீட்பு என்று ஒன்று இருப்பதை நான் கண்ணால் கண்டது அந்தப் படியில்தான். அது வேறு யாருக்கோ கிடைத்தது. எனக்கும் கொஞ்சம் வெயில் பட்டது.

மறுநாள் ஜீவரத்தினம் எழுந்து சாட்சி சொன்னார். சாவி தன்னோடு போனதும் தேவ சித்தம்தான், அதனால்தான் வழியில் போன மில் ஆட்கள் அத்தனை பேரும் சுவிசேஷத்தைக் கேட்க முடிந்தது என்றார். பல பேர் ஆமென் என்றார்கள். எஸ்தரம்மா பாயிலிருந்து எழுந்து, நேராக நடந்து வந்து, அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் நகர்ந்தார். அடுத்தவர் எழுந்தார். ஆராதனை முடிவதற்குள் அந்தப் பெஞ்சே காலி. எஸ்தரம்மா காலை நீட்டிக்கொண்டாள். வெளியே வரும்போது, "நல்லாக் காத்தோட்டமா இருக்குதுங்க, டீச்சரம்மா. இனிமே அங்கதான்" என்றாள். இன்றும் அங்கேதான் உட்காருகிறாள், பெரும்பாலும் தனியாக. வாராவாரம் தேவ அன்பைப் பற்றிப் பாடிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

போன வருஷம் ஊருக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஆலயத்துக்குப் போனேன். அம்மா முன்வரிசையில் எங்கள் வாங்கில் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். கதவோரத்தில் நின்ற, எனக்குத் தெரியாத ஒரு பெண், நான் தயங்குவதைப் பார்த்து, நானும் அங்கே நிற்கப்போகிறேனோ என்று சற்று ஒதுங்கி இடம் விட்டாள். அவள் பார்வையில் வரவேற்பு இல்லை. சந்தேகம்தான் இருந்தது. நியாயமான சந்தேகம். அதற்குள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அம்மா இன்னும் வாங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பாதையின் நடுவில் நின்றபடியே பாடினேன்.