முந்திரி எனக்கு, திராட்சை அதற்கு

நாய் வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவள் என் மகள். இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கும்போது, கூடப் படிக்கிற பெண்ணின் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது என்று ஒன்றைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். லேப்ரடார் என்றாள். வளர வளர லேப்ரடார் காதோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் எங்கள் நகரிப் பக்கத்துத் தெருநாய்தான். "நானே குளிப்பாட்டுவேன், நானே வாக்கிங் இட்டுக்கினு போவேன், நீ ஏறெடுத்துகூட பாக்கவேணாம் நைனா" என்று சத்தியம் செய்தாள். இரண்டு வருடம் செய்யவும் செய்தாள், இல்லையென்று சொல்லக்கூடாது. பிறகு சென்னையில் காலேஜ், ஹாஸ்டல் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நாய் என் தலையில் விழுந்தது.

போகும்போது பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். சாக்லேட் கூடாது, வெங்காயம் கூடாது, கோழி எலும்பு கூடாது. கடைசி வரி, 'ஸ்வீட் கூடவே கூடாது.' அதன் கீழே மூன்று கோடு. சோறு ஆக்குகிற வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று முணுமுணுத்தேன். ஆனாலும் அந்தத் தாளை என்னைப்போல் மதித்தவன் யாரும் இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

எங்கள் வீடு திருப்பதியில், அலிபிரிக்குக் கீழே, நடந்து மலையேறுகிறவர்கள் போகிற வழியில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு ஒரு கையில் கயிறும் இன்னொரு கையில் பழைய பேப்பருமாக நான் இறங்க வேண்டும். மஞ்சள் துணி கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அதைப் பார்த்தால் எங்கள் நாய்க்கு யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பு. கயிறோடு என்னையும் சேர்த்து இழுக்கும். சிலர் பைரவர் என்று கும்பிடுவார்கள், சிலர் அலறிக்கொண்டு ரோட்டுக்கு நடுவே ஓடுவார்கள். அது எங்கே உட்காருகிறதோ அங்கே நானும் குனிந்து பேப்பரால் வாரவேண்டும். மாடியில் வீட்டுக்கார அம்மா நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். தெலுங்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒருநாள் படியில் நாய்முடி கிடந்ததற்கு, "குக்கா, இல்லா? ஏதோ ஒகடி சூஸ்கோண்டி" என்றார். நாயா, வீடா, எதாவது ஒன்றைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். அன்றிலிருந்து படியைக் கூட்டுகிற வேலையும் எனக்குச் சேர்ந்தது.

இதெல்லாம் முடிந்து ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துச் சித்தூர் போகவேண்டும். அங்கே ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பஸ் காணிப்பாக்கம் கிளைரோட்டைத் தாண்டும்போது மகளிடமிருந்து போன் வரும். நான் சாப்பிட்டேனா என்று கேட்கமாட்டாள். "நைனா, அது காலையில ஆய் போச்சா? கெட்டியா போச்சா, தண்ணியா போச்சா?" நிற்கக்கூட இடமில்லாத பஸ்ஸில், பக்கத்து ஆளின் முழங்கை என் விலாவில் இருக்க, நான் "கெட்டி, கெட்டி" என்று கத்திக்கொண்டிருப்பேன்.

என் மனைவி ஆரம்பத்திலேயே கைகழுவிவிட்டாள். "இந்த நாய்க்கு என் கையால ஒண்ணும் ஆவாது" என்றாள். ஆனால் நான் வேலைக்குப் போனதும் தயிர்சாதம் பிசைந்து போடுவாள். அவள் போடுகிறாள் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

புரட்டாசி பிறந்த நாலாவது நாள் நாய் படுத்துக்கொண்டது. உண்ணிக் காய்ச்சல். டாக்டரம்மா எங்கள் சித்தூர்ப் பக்கம், தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும். "காலையில அரை மாத்திர, சாய்ந்திரம் அரை. இருபத்தெட்டு நாள் சார். ஒக்க பூட்ட கூடா மிஸ் காகூடது" என்று விரலை ஆட்டினார். ஒரு வேளைகூடத் தவறக்கூடாதாம்.

அந்த நாய்க்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் தெரியும். இட்லியில் வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் தரையில் வைக்கும். தயிர்சாதத்தில் பொடித்துப் போட்டால் தட்டையே முகராது. வாயைப் பிளந்து உள்ளே தள்ளினால் விழுங்கியதுபோல் நடித்து, நான் சட்டை போடுகிற நேரம் பார்த்துக் கட்டில் அடியில் துப்பும். ஒரு முட்டை இருந்தால் காரியம் முடிந்தது, இரண்டு துண்டு கோழி இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் புரட்டாசி. எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டை ஓடுகூட வாசல்படி ஏறாது. மாடி வீட்டில் கார்த்திகைக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு, புரட்டாசியில் அங்கே மீன் குழம்பு கொதிக்கும். நாய் மேலே பார்த்து மூக்கை ஆட்டும். போய் ஒரு துண்டு கேட்கலாம் என்றால், படி கூட்டுகிற எனக்கு எந்த முகம் இருக்கிறது?

திருப்பதியில் குடியிருந்தால் புரட்டாசியில் சொந்தபந்தத்துக்குக் குறைவிருக்காது. நகரி, புத்தூர், சத்தியவேடு, எல்லா ஊரிலிருந்தும் வருவார்கள், குளிப்பார்கள், மலையேறுவார்கள், இறங்கிவந்து ஒரு லட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா இதற்கென்றே இருக்கிறது. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஆக டப்பா நிறைந்துகொண்டேதான் போகும்.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை, பஸ்ஸுக்கு நேரமாகிற ஆத்திரத்தில், அந்த டப்பாவைத் திறந்து ஒரு துண்டு லட்டுக்குள் மாத்திரையை அழுத்தி நீட்டினேன். நாய் வாங்கி விழுங்கி, இன்னும் வேண்டும் என்று என் கையை நக்கியது. எனக்கு மலையே இறங்கிவந்து கைகொடுத்ததுபோல் இருந்தது.

அதிலும் ஒரு பக்குவம் கண்டுபிடித்தேன். முந்திரி இருக்கிற துண்டு பொலபொலவென்று உதிர்ந்துவிடும். திராட்சை இருக்கிற துண்டுதான் வாகு. நெய்யில் ஊறிய திராட்சையை நகத்தால் கீறி, அரை மாத்திரையை அதற்குள் செருகி, சுற்றி பூந்தியை அழுத்திவிட்டால் பிரம்மா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. முந்திரியை என் வாயில் போட்டுக்கொள்வேன். முந்திரி எனக்கு, திராட்சை அதற்கு. மனைவிக்குத் தெரியாமல் செய்தேன். சாமி பிரசாதத்தை நாய்க்குப் போடுகிறேன் என்று தெரிந்தால் அவள் வீட்டைத் தலைகீழாக்கிவிடுவாள். பதினெட்டு நாள், காலையும் மாலையும், ஒரு வேளை தவறவில்லை.

காய்ச்சல் விட்டது. பிறகு திடீரென்று வாந்தி எடுக்க ஆரம்பித்தது. தண்ணீர் மட்டும் குடித்தது, சிறுநீர் சரியாகப் போகவில்லை. வாசலில் யார் வந்தாலும் வாலைத் தரையில் ஒருதரம் தட்டிவிட்டு அப்படியே கிடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கிட்னி கெட்டிருக்கிறது, பிழைப்பதும் பிழைக்காததும் இந்த ஒரு வாரத்தில் தெரியும் என்றார். "வெளிய ஏமைனா தின்னுச்சா சார்? எலி மருந்து, சாக்லேட், ஸ்வீட்?"

"ஸ்வீட்டே காட்டுறதில்ல மேடம்" என்றேன். நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன்.

"அப்ப யாரோ ஏதோ போட்டிருக்காங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த யாரோவைத்தான் தேடிக்கொண்டு வந்தேன். மாடி வீட்டம்மாவாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். வீட்டில் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், குடும்பத்தோடு தரிசனம் முடித்து வந்திருந்தார். கையில் பாதி வடையை வைத்துக்கொண்டு நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வடையைப் பிடுங்கினேன். "யாரக் கேட்டு மச்சான் போட்றீங்க? அவங்கவங்க இஷ்டத்துக்குப் போட்டுப் போட்டுத்தான் அது சாவக் கெடக்குது!"

"வட தான மாப்ள..." என்றார் பாவம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனைவி பக்கம் திரும்பினேன். "நீதான்மே. ஒளிச்சி ஒளிச்சி தயிர்சாதம் போட்டியே, அதுல இன்னா கலந்தே? பொண்ணு வந்து கேட்டா நீயே பதில் சொல்லு." அண்ணன் முன்னால், அண்ணி முன்னால். அவள் பிசைந்து வைத்திருந்த சாதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. தட்டு வரும், தண்ணீர் வரும், பேச்சு வராது.

நான் லீவு போட்டுவிட்டு தினமும் நாயை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய் டிரிப் ஏற்றினேன். மகளிடம் உண்ணிக் காய்ச்சல் இழுக்கிறது என்று மட்டும் சொல்லிவைத்தேன். தீபாவளிக்கு அவள் வரும்போது இது இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் கவலை. இல்லையென்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

நாலாவது நாள் டாக்டரம்மா கிட்னிக்குப் புது மாத்திரை எழுதினார். எழுதிக்கொண்டே, "துப்பிடாதா சார்? எலா இஸ்துன்னாரு, எப்படி குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "லட்டுல வெச்சி குடுப்பேன் மேடம். ஒருநாள்கூட துப்புனதில்ல."

பேனா நின்றது. "ஏ லட்டு?"

"மலைமேல லட்டுதான் மேடம். வேற இன்னா லட்டு?"

"அதுல கிஸ்மிஸ் உண்டுந்தி கதா சார்."

"திராட்சைலதான் மேடம் வெப்பேன். அதுலதான் ஒட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "நாய்க்கு திராட்சை ஆகாது சார். கிட்னியத்தான் அடிக்கும். சில நாய்க்கு கொஞ்சம் போனாலே போதும். நான் ஸ்வீட் குடுத்தீங்களான்னு கேட்டேனே?"

"ஸ்வீட் இல்ல மேடம்," என்றேன். "பிரசாதம்."

பொய் சொல்லவில்லை. என் மச்சானுக்குச் சர்க்கரை எகிறிக் கிடக்கிறது, பால்கோவாவைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்குவார், லட்டு என்றால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுவார். எங்கள் ஜனம் யாரும் அதை இனிப்பில் சேர்த்ததில்லை. மகள் மூன்று கோடு போட்டதைத் தினமும் படித்துவிட்டு, அதே பிரிட்ஜுக்கு மேலே இருந்த டப்பாவைத்தான் நான் தினமும் இரண்டுதரம் திறந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. யார் மேலாவது பழியைப் போட முடிந்தால் அப்போதும் போட்டிருப்பேன், அப்படிப்பட்ட ஆள்தான் நான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"தெனம் டப்பாவ பாத்துக்கினுதான் இருந்தேன்," என்றாள். "சக்கரைய வெச்சிக்கினு நீங்கதான் திருட்டுத்தனமா துன்றீங்கன்னு நெனச்சேன். பிரசாதமாச்சே, இன்னா சொல்றதுன்னு வாய மூடிக்கினேன்."

"தப்பு என்னுதுதான்மே. மன்னிச்சிக்கோ."

"எங்க அண்ணன் எதிர்ல தான சொன்னீங்க" என்றாள். அன்று மாலையே மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நாய் பிழைத்துவிட்டது. முழுதாக அல்ல. பாதி உடம்பாகிவிட்டது, தனிச் சாப்பாடு, உயிரோடு இருக்கிறவரை மாத்திரை. அதை இப்போது வெறும் வாயைப் பிளந்துதான் கொடுக்கிறேன். கடிக்கிறது. கடிக்கட்டும்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ லீவு போட்டு பாத்துக்கினதாலதான் நைனா பொழச்சிது. வேற யாரும் இப்படி பாக்கமாட்டாங்க." நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் மச்சான் வந்தார். மலைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். அவர் லட்டுக் கவரைப் பிரித்தபோது நெய் வாசனை கூடத்துக்கு வந்தது. மூலையில் கிடந்த நாய் எழுந்தது, மெதுவாகக் கால் மாற்றி மாற்றி வந்தது. கவர் இருந்தது மச்சான் கையில். அது அவரைத் தாண்டி, மகளைத் தாண்டி, என் எதிரில் வந்து உட்கார்ந்து என் கையைப் பார்த்து வாயைத் திறந்தது.

மகள் சிரித்தாள். "லட்டு மாமா கையில கீது, இது இன்னாத்துக்கு நைனா உன்ன பாக்குது?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் நாயின் வாயை மூடிப் பிடித்துக்கொண்டு, மகளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.