லெஸ்லியின் சட்டையும் மக்டலினின் மூக்கும்

அக்கரை மூதூரில் மீன் பொரித்தால், எண்ணெய் பழசா புதுசா என்று திருகோணமலை இறங்குதுறையில் நின்றபடியே மக்டலின் சொல்லிவிடுவாள். இதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். மிச்சப் பாதி சத்தியம். கருவாட்டு மூட்டையை அவிழ்க்குமுன்பே எந்த அடுக்கு பழுது என்று விரலால் தொட்டுக் காட்டுவாள். அந்த மூக்கை நம்பித்தான் கடைக்காரர்கள் அவளிடம் கருவாடு எடுத்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் மூக்குக்கு வேறு வேலை. அலுமாரியைத் திறந்து, லெஸ்லியின் காக்கிச் சட்டையை எடுத்து முகத்தில் பொத்திக்கொள்வாள். லெஸ்லி அவள் புருஷன், துறைமுக டொக்யாட்டில் தார் பூசியவன். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கடைசியாக அவன் கழற்றிப் போட்ட சட்டையை அவள் துவைக்கவேயில்லை. தார், சுருட்டு, வியர்வை. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஆள் வந்து போன மாதிரி இருக்கும்.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிச் சூறாவளியில் கூரைமரம் ஒன்று அவள் பிடரியில் விழுந்தது. காயம் ஆறியது, மணம் திரும்பவில்லை.

"மூக்குக்கு மேல சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கம்மா," என்றார் டாக்டர். "அதின்ர ஓட்டையளால நூல் நூலா நரம்பு மூளைக்குப் போகுது. அடிபட்டதில அறுந்திருக்கும்."

"நாக்குக்கு ஒண்டும் நடக்கேல்லையே. பிறகேன் குழம்பு சுடுதண்ணி மாதிரிக் கிடக்கு?"

"உப்பு, புளி, இனிப்பு, கசப்பு... நாக்குக்கு அவ்வளவுதான் தெரியும். மிச்ச ருசியெல்லாம் மூக்கு தாறது. ஆனா அந்த நரம்பு திரும்ப முளைக்கிற சாதி. எப்ப எண்டு மட்டும் சொல்ல ஏலாது."

சட்டை காத்திருக்கட்டும் என்று மக்டலின் அலுமாரியைப் பூட்டினாள். ஊரில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. விட்டால் பிழைப்புப் போய்விடும்.

மூதூரிலிருந்து லோஞ்சிப் படகில் கருவாடு கொண்டுவரும் ஜமால்தீன் முன்னால் மூட்டையருகே குனிவாள், முகத்தைச் சுளித்து அவனையே பார்ப்பாள்.

"என்னக்கா அப்பிடிப் பாக்கிறீங்க? சரி, சரி. அடியில கிடக்கிறது போன மாசத்துச் சாமான்தான். உங்கட மூக்கு நேவிக்காரன்ட ரேடார்!"

இப்படி ஒரு வருடம் கிட்ட ஓட்டினாள்.

ஐப்பசியில் மாதா சொரூபம் வீடு வீடாக வரும். இன்று ஒரு வீட்டில் செபமாலை சொல்லி, மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். முறை மக்டலினுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு ஞானமலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நாளைக்கு மாதா வாறா. வீட்டைக் கழுவியாச்சோ?"

எல்லோரையும் கேட்பதுபோலத்தான் கேட்டாள். மக்டலினுக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. வீடு கருவாடு நாறுகிறதோ? தனக்குத் தெரியாது, கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். திரைச்சீலை, தலையணை உறை, பாய் என்று எல்லாவற்றையும் கிணற்றடிக்கு இழுத்தாள். சொரூபம் வைக்கும் மேசை அலுமாரிக்குப் பக்கத்தில்தான். பூட்டைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, மாதாவுக்கு முன்னால என்ர மானத்தை வாங்காதேங்கோ," என்று சட்டையிடமே சொல்லி, அதைச் சவுக்காரம் போட்டுக் கும்மி, அலசிக் கொடியில் போட்டாள்.

ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் ஒரு காலை, குசினியில் ஏதோ கருகியது போல மூக்கில் ஏறியது. அடுப்போ மூட்டவில்லை. தேடிப் பார்த்தால் கருவாட்டுப் பெட்டி! அதன் மணம் கோணலாய், பாதியாய் வந்தது. மக்டலின் ஒற்றை ஆளாய்ச் சிரித்தபடி அலுமாரிக்கு ஓடினாள்.

சட்டையில் சவுக்காரம் மணத்தது. வெயில் மணத்தது. அக்குளில், கழுத்துப் பட்டியில், பையின் மூலையில் என்று தையல் தையலாக மோந்து பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கரையில் எவராவது வள்ளத்துக்குத் தார் காய்ச்சினால், கையில் ஒரு பையோடு அந்தப் புகை காற்றில் வரும் பக்கமாய்ப் போய் நிற்பாள். பைக்குள் காக்கிச் சட்டை.

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க அக்கா?" என்று ஜமால்தீன் ஒருநாள் கேட்டான்.

"ஒருத்தரையுமில்லை. உன்ர மூட்டை இஞ்ச வரைக்கும் நாறுது, தூரப் போ!"

அவன் சிரித்துக்கொண்டு போனதும், பையின் வாயைக் காற்றுக்கு இன்னும் அகலமாய் விரித்துப் பிடித்தாள்.