சத்தத்தைக் குறைக்கச் சொன்னவர்

1967, ஆகஸ்டு 12, சனிக்கிழமை. எழுந்ததும் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஆபீஸில் அரை நாள் வேலை. மதியம் வீடு திரும்பி, கத்தரிக்காய்ப் பொரியலோடு சாப்பிட்டு, மறுநாள் சலவைக்குப் போட வேண்டிய துணிகளை எடுத்து வைத்தேன். என் சனிக்கிழமைகள் இப்படித்தான். இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு, ஒழுங்கு தப்பினால் எனக்குச் சோறு இறங்காது என்பதும் தெரியும்.

இந்தச் சனிக்கிழமை ஒரு மாற்றம். சாயங்காலம் என் தம்பியை ராக் கச்சேரிக்குக் கூட்டிப் போனேன்.

சிரிக்காதீர்கள். திண்டுக்கல்லில்தான். சென்னையிலிருந்து நான்கு பையன்கள், மின்சார கித்தாரும் டிரம்மும் கொண்டுவந்து, ஊரில் உள்ள ஒரு கலை மன்றத்தின் ஆண்டு விழாவில் வாசித்தார்கள். நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? எனக்கு ஒரு வேலையும் இல்லை. தம்பிக்கு இருந்தது.

தம்பி சுந்தரம், வீட்டில் கடைசி. நான் முதல். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ரிங் பிரேம் என்கிற நூல் முறுக்கும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறான். ஒன்பது வருஷமாகக் காலையில் மில் பஸ்ஸில் ஏறுகிறான். அந்த இயந்திரங்களுக்கு நடுவில் ஷிப்ட் முடியும்வரை நிற்கிறான். உள்ளே பேச்சு கிடையாது. பேசினாலும் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். இப்போது வீட்டிலும் கைச்சாடை வந்துவிட்டது. என் மனைவி அவனைச் சாப்பிடக் கூப்பிடுவதென்றால் பக்கத்தில் போய்த் தோளைத் தட்ட வேண்டும். ரேடியோவில் பாட்டு வைத்தால், பெட்டியில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

மதுரையில் டாக்டர் பார்த்தார். காது நரம்பு தேய்ந்துவிட்டது, போனது வராது, மிச்சமும் மெல்லப் போகும் என்றார். அவனுக்கு இருபத்தெட்டு வயது.

இவனோடு மில்லில் வேலை பார்க்கிற ஒருவன், இதே பையன்களை மதுரையில் கேட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கிறான்: "காதே வேணாம்டா. நெஞ்சுலயே வந்து அடிக்குது."

அதிலிருந்து ஒரே நச்சரிப்பு. "அண்ணே, இருக்கப்பவே ஒருக்கா கேட்டுர்றேண்ணே." இருக்கப்பவே என்றால், காது இருக்கும்போதே. இதற்கு மேல் நான் என்ன யோசிப்பது?

முதல் வரிசை டிக்கெட் எடுத்தேன். சவுண்டு பெட்டிக்குக் கிட்ட இருக்க வேண்டுமே! போய்ப் பார்த்தால், எங்கள் வரிசைக்கு முன்னால் சோபாக்கள் கிடந்தன. மன்றத்துத் தொண்டர் ஒருவரைக் கேட்டேன்.

"ஏம்ப்பா, முதல் வரிசைன்னுதானே டிக்கெட் குடுத்தீங்க?"

"இது முதல் வரிசைதான் சார்."

"அப்ப அது?"

"அது சோபா சார். சோபாவெல்லாம் வரிசையில சேராது."

எவ்வளவு தெளிவான விளக்கம்!

சோபாக்காரர்கள் வரவில்லை. ஆனால் பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊர் வழக்கம் தெரியாதவர்கள், பாவம்... நோட்டீஸில் போட்ட நேரத்துக்கே மேடை ஏறிவிட்டார்கள். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. மற்றபடி அந்த இசை எனக்குப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அய்யலூர்ச் சந்தை ஆடுகள் மொத்தமும் பாத்திரக் கடைக்குள் புகுந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நாற்காலி அதிர்ந்தது. என் பல் அதிர்ந்தது.

திரும்பித் தம்பியைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தான். கை இரண்டும் தொடையில் தாளம் போட்டன. தாளம் தப்பவில்லை! "அண்ணே!" என்று கத்தினான். "கேக்குதுண்ணே! தனித்தனியா கேக்குது! அந்தச் சின்னக் கம்பி கூட..."

தலையை ஆட்டினேன். வாயால் சொன்னால் அவனுக்குக் கேட்டிருக்காது.

இரண்டாவது பாட்டின் நடுவில் கார் வந்து நின்றது. தலைமை விருந்தினர். மன்றத்துச் செயலாளர் மேடைக்கு ஓடி, இரண்டு கையையும் ஆட்டினார். பாட்டு அப்படியே அறுந்தது. கித்தார்க்காரப் பையன் தூக்கிய கையோடு விழித்தான்.

தம்பி சட்டென்று எழுந்து நின்றான். "எங்க மில்லு மானேஜர்ணே" என்றான்.

அப்புறம் என்ன? மாலை, பொன்னாடை, வரவேற்புரை, மறுபடி மாலை. விருந்தினர் பேச வந்தார். இசைக்கு எல்லை இல்லை என்றார். ஏழை பணக்காரன் பேதம் அதற்கு இல்லை என்றார். விடாமல் பேசினார். தம்பி என் கையைச் சுரண்டினான்.

"என்னண்ணே சொல்றாரு?"

அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று பலமாகச் சொன்னேன்: "ஒண்ணுமே சொல்லலடா!"

அந்த நொடி பார்த்து மானேஜர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். பின்வரிசைகள் வெடித்துச் சிரித்தன. நான் வேண்டுமென்று செய்யவில்லை. செய்திருந்தாலும் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது.

கச்சேரி மறுபடி தொடங்கியது. சோபாவில் மானேஜர் முகத்தைச் சுளித்தார். கூட வந்த ஆள் எங்கிருந்தோ பஞ்சு கொண்டுவந்து கொடுக்க, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். அதுவும் போதவில்லை போலிருக்கிறது. செயலாளரைக் கூப்பிட்டு விரலைக் கீழே காட்டினார். செயலாளர் மைக் செட்காரரிடம் ஓடினார்.

சத்தம் படுத்துவிட்டது. மேடையில் பையன்கள் முன்போலவே குதித்தார்கள். ஆனால் அடுத்த தெருக் கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரிதான் கேட்டது. எனக்கே அப்படி.

தம்பியின் கை தொடையில் நின்றது. மேடையைப் பார்த்தான். கித்தாரில் ஓடும் விரல்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

"அண்ணே... நிப்பாட்டிட்டாகளா? இல்ல... எங்காதா?"

மிச்சமும் போய்விட்டது என்று நினைத்துவிட்டான்! அவன் காதில் வாயை வைத்துக் கத்தினேன்: "உன் காது இல்லடா! சத்தத்தக் கொறச்சுட்டாங்க!"

"யாருண்ணே?"

சோபாவைக் காட்டினேன். "விடுண்ணே" என்றான். அவ்வளவுதான்.

நான் விடவில்லை. செயலாளரிடம் போனேன். அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

"ஏனுங்க, சத்தத்தை ஏன் குறைச்சீங்க?"

"தலைவருக்குத் தலைவலிங்க."

"இத்தனை பேர் கேட்கத்தானே வந்திருக்கோம்?"

"பெரிய மனுசருங்க. மன்றத்துக்கு எவ்வளவோ செஞ்சிருக்காருங்க. செத்த நேரம் பொறுங்க, அவரு கிளம்பினதும் ஏத்திரலாமுங்க."

அவர் கிளம்பவில்லை. தலைவலியோடு கடைசிவரை இருந்தார். தியாகி!

திரும்பி வந்தால் தம்பியின் நாற்காலி காலி. மேடை ஓரத்தில் சவுண்டு பெட்டியோடு நெஞ்சை ஒட்டவைத்து, இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் பரப்பி நின்றான். கண் மூடியிருந்தது. தொண்டர் ஒருவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏலே, பொட்டியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு என்னலே பண்ற? எறங்கு!" மேடையிலிருந்த கித்தார்க்காரப் பையன் வாசித்துக்கொண்டே விடச்சொல்லித் தலையாட்டினான். அந்தப் பரட்டைத் தலைப் பையனுக்கு இருந்தது நம் மன்றத்துக்கு இல்லை.

அவனிடம் போக நான் சோபாவைத் தாண்டும்போது மானேஜர் கேட்டது என் காதில் விழுந்தது. "யாருய்யா அது? குடிச்சிருக்கானா?"

நின்றேன். "குடிக்கல சார். என் தம்பி. உங்க மில்லுல, ரிங் பிரேம்ல ஒன்பது வருஷமா நிக்கிறான். காது போயிருச்சு. பெட்டியைத் தொட்டாத்தான் தெரியுது."

அவர் பஞ்சை எடுக்காமலே என்னைப் பார்த்தார். அதனால் முழுதும் கேட்டதா தெரியவில்லை. ஆனால் ஒன்று கேட்டார்:

"எந்த ஷிப்ட்?"

எதைக் கேட்டாலும் சரியான தகவல் சொல்லிப் பழகிய நாக்கு. "காலை ஷிப்ட் சார்" என்று சொல்லிவிட்டேன்.

கேட்கிறேன். நான்கு பையன்கள் வாசிக்கிற சத்தம் இந்த மனிதருக்கு இரண்டு பாட்டு நேரம் தாங்கவில்லை. ஒரு விரலை அசைத்தார், ஊரே குறைத்துக் கொடுத்தது. அவருடைய மில்லுக்குள் எவன் விரலை அசைப்பது? யாரிடம் அசைப்பது? தனக்கென்றால் பஞ்சு நினைவு வருகிறது. பொதி பொதியாகப் பஞ்சு வந்து இறங்குகிற இடத்தில், அங்கே நிற்கிறவன் காதுக்கு ஒரு கிள்ளு கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! காது என்பது சோபாவில் உட்காருகிறவனுக்கு மட்டும் முளைக்கிற சாமானா?

வீடு திரும்பும் வழியில் தம்பி உள்ளங்கைகளை விரித்து விரித்துப் பார்த்தான். "இன்னும் அதிருதுண்ணே" என்றான். கொஞ்ச தூரம் போய், "மானேஜர் என்ன கேட்டாரு?" என்றான். சொன்னேன். "ஷிப்டையும் சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டு, விரித்த கைகளை மடக்கிக்கொண்டான்.

இந்த ஊரில் ஒன்பது வருஷ வேலை போவதற்கு ஒரு கேள்வி போதும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை, பல் துலக்கவில்லை. முதல் வேலையாகத் தம்பியின் பாயருகே போய் உட்கார்ந்தேன். அவன் விழித்துத்தான் கிடந்தான். குனிந்து காதில் கத்தினேன்: "இதைப் பத்தியில எழுதப்போறேன். உனக்குச் சம்மதமா? வேலைக்கு ஆபத்து வரலாம்டா!"

சமையற்கட்டில் என் மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள்.

தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். பிறகு சொன்னான்:

"எழுதுண்ணே. கொஞ்சம் சத்தமாவே எழுது."