தறி நின்ற முக்கால் மணி நேரம்

2025 ஜூன் 25, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, காற்றும் இல்லை, மழையும் இல்லை, வெறும் புழுக்கம். அமாவாசை. ஆரணியில் எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அதை நம்பித்தான், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான நான், ஏழு பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்து நானே இணையத்தில் வெளியிட்டிருந்தேன். எழுதி மெட்டமைப்பது நான், பாடுவது என் மனைவி. மற்ற நாட்களில் மைக்கை எந்த அறையில் வைத்தாலும் பக்கத்து வீட்டு விசைத்தறிதான் அதில் முதலில் விழும்.

எட்டாவது பாட்டுக்கு அவகாசம் குறைவு. ஜூலை 14 அன்று அவளுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை. குரல் பழையபடி இருக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"அதுக்கு முன்னால பாட்டு போன்ல வந்துடணும். கேட்டுட்டுத்தான் போவேன்" என்றாள்.

பாட்டுகளை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பும் நிறுவனம் இரண்டு வாரம் கேட்கும். ஆகவே புதன் பதிவு, வியாழன் ஒலிச் சீரமைப்பு, வெள்ளி அனுப்புதல், ஜூலை 11 வெளியீடு. உபரி இரண்டே நாள். அடுத்த அமாவாசை ஜூலை 24.

அன்று பார்த்துத் தறி ஓடியது.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். தறிக்காரர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"இன்னா சார் பண்றது? முகூர்த்தப் புடவை. செய்யார் பார்ட்டி காலைலேர்ந்து போன் பண்ணிகினே கீறான்."

"இன்னைக்கு அமாவாசைங்க."

"அமாவாசைக்கு நான் லீவு வுடுவேன் சார். பார்ட்டி வுடுவானா?"

அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள். "தறியே தாளம் போடட்டும் வுடுங்க சார். தபேலாக்காரருக்குத் தர்ற துட்டு மிச்சம்."

எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன்.

"அக்காவுக்கா?" என்று எழுந்துவந்தவள், கணவரைப் பார்த்தாள். "நிறுத்துய்யா."

"முக்கா மணி நேரம் சார்" என்றார் அவர். "அதுக்கு மேலன்னா பேஜாராயிடும். மூணு ஆளுங்களுக்கும் அந்த நேரத்துக்குக் கூலி நீங்க குடுத்துடுங்க."

தறிகள் நின்றன. முதல் தடவை என் மனைவிக்கு இருமல் வந்தது. இரண்டாம் தடவை எதிர்வீட்டுக் குக்கர் விசிலடித்தது. மூன்றாம் தடவை முழுதாகப் பாடினாள். கடைசி வரியில் மட்டும் குரல் பிசிறியது.

"இன்னொரு தடவை. ஒன்பது நிமிஷம் இருக்கு" என்றேன்.

"அதை அவருக்கே திருப்பிக் குடுத்துடுங்க. எனக்கு முடியல."

வற்புறுத்த எனக்கும் முடியவில்லை. பிசிறோடுதான் அனுப்பினேன். தூக்கம் வராமல், அது ஏற்கப்பட்டதா என்று தினமும் பார்த்தேன். ஜூலை 11, வெள்ளிக்கிழமை காலை, பாட்டு வந்துவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதோரம் வைத்து, இரண்டு முறை கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துவைக்கப் போனாள்.

இப்போது நன்றாகப் பேசுகிறாள். மேல் ஸ்தாயி எட்டவில்லை. நானும் பாடச் சொல்வதில்லை. அந்தப் பாட்டை இதுவரை நூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறார்கள், அதில் பதினான்கு நான். சீரமைப்பு, அட்டைப்படம், அனுப்பும் கட்டணம், தறி ஆட்களின் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஏழாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.