வெடிப்பில் கொட்டிய கங்கு

ஆனி மாதக் கடைசியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் பதினேழு வெடிப்புகள் இருந்தன. கை நுழையக்கூடியவை பதினொன்று, மற்றவை விரல் அகலம். கோவில்பட்டியில் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மழையில் மண் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும், சில வருடங்களில் சுவரையும் சேர்த்துப் பிளக்கும். வெடிப்புகள் வீட்டை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்று பார்ப்பதற்காகவே நான் அவற்றை எண்ணி வைப்பேன். இந்த வருடம் வந்துகொண்டிருந்தன.

எண்ணுவது தொழிலில் வந்த பழக்கம். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதினேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை இந்த ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பண்டலில் இருந்து ஒரு பெட்டியை உருவி, குச்சிகளை மேசையில் கொட்டி எண்ணிப் பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. தீயைப் பற்றிய பயமும் அங்கே வந்ததுதான். மருந்தில் முக்கி எடுத்த குச்சிகள் காயும் அறையில் செருப்புத் தரையில் உரசாமல் நடந்து பழகியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அடுப்பங்கரைக்குள் நான் அப்படித்தான் நடக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

என் மகன் ஷார்ஜாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, பங்குனியில் ஊரோடு வந்துவிட்டான். அங்கே விடுமுறை நாட்களில் கூட்டாளிகளோடு சேர்ந்து கோழியைக் கம்பி வலையில் சுட்டுச் சாப்பிட்ட பழக்கம் அவனை விடவில்லை. வந்த வாரமே புறவாசல் மூலையில் நின்ற சீமைக்கருவேல மரத்தை மெஷின் ரம்பத்தால் தரையோடு அறுத்தான். தூர் மட்டும் மண்ணுக்குள் நின்றது. கிரில் வைக்க இடம் தயாராகிவிட்டது. கேஸ் கிரில்லா, கரி கிரில்லா என்பதுதான் பாக்கி.

"கேஸ்னா ஒரு திருகுதான்பா. புகை இல்ல, சாம்பல் இல்ல" என்றான்.

"ஏலே, ஆடிக் காத்து வருது. காத்துல தீ அணைஞ்சாலும் கேஸ் நிக்காது. வந்துக்கிட்டே இருக்கும். அது மேல போகாது, தண்ணி மாதிரி பள்ளத்தைத் தேடும். இங்கன பள்ளம் எத்தனை இருக்கு தெரியுமா?"

"பதினேழு. காலையில இருந்து நாலு தடவை சொல்லிட்டீங்க."

"அந்த வெடிப்பு வழியா சுவருக்கு அடியில போயி பக்கத்து வீட்டுத் தொழுவத்துல ஏறும். அந்தப் பிள்ளை அடுப்பைப் பத்த வச்சா என்ன ஆகும்?"

"கோழி திங்கணும்னா குழம்பு வச்சுத் திங்க வேண்டியதுதான? இதுக்கு ஒரு பஞ்சாயத்தா?" என்று உள்ளே இருந்து என் மனைவி கேட்டாள்.

சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண். அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிசயம். இருபத்து மூன்று ஆடுகளை அவள் தனியாக மேய்த்து வளர்க்கிறாள். இருபத்து மூன்று என்பது எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆடுகள் தொழுவத்துக்குள் நுழையும்போது எங்கள் பின்படியில் நின்று எண்ணுவேன். "கண்ணு பட்டிரும் அண்ணாச்சி, ரெண்டைக் குறைச்சு எண்ணுங்க" என்பாள்.

"என்ன அண்ணாச்சி, என் தொழுவத்தை எதுக்கு இழுக்குதீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"கரியே போடுங்க. கரின்னா கண்ணுக்குத் தெரியுத தீ. கேஸ் கண்ணுக்கே தெரியாதுல்லா. என் படப்பு வேற சுவரோரம் இருக்கு."

படப்பு என்று அவள் சொன்னது தீவனப் போர். சோளத்தட்டையும் கடலைக்கொடியும் கட்டுக்கட்டாக அடுக்கியது. புரட்டாசியில் மழை விழுந்து புல் முளைக்கும்வரை அந்த ஆடுகளுக்கு வேறு கதி கிடையாது. வெளிக்காட்டில் அப்போதே கடிக்க ஒன்றும் இல்லை.

"சரி, மெஜாரிட்டி கரிக்கு" என்றான் மகன்.

விறகுக்கடையில் ஒரு சாக்குக் கரி வாங்கி வந்தான். சீமைக்கருவேலக் கரி. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஓட்டப்பிடாரம் போகும் பஸ்ஸில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். வெட்டிய கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு, மண்ணால் மூடி, உள்ளே தீ வைப்பார்கள். அதற்கு மூட்டம் என்று பெயர். காற்று அதிகம் போகாததால் கட்டை எரிந்து சாம்பலாகாது. நாள் கணக்கில் உள்ளேயே வெந்து கரியாகும். புகை வெளியேற அங்கங்கே துளை மட்டும் விடுவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் சும்மா கிடக்கும் மண்மேடு பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கோழி சுட்டோம். நான் இரண்டு வாளித் தண்ணீருடன் பக்கத்தில் நின்றேன். கங்கில் இருந்து தெறித்த பொறிகளை முப்பது வரை எண்ணினேன். ஒன்றுகூடச் சுவரைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டில் இரண்டு தொடைத் துண்டுகள் போயின. "காரம் பத்தல, ஆனா நல்லாருக்கு" என்று தட்டு திரும்பி வந்தது.

சாப்பிட்டு முடித்தபோது கிரில்லில் பாதிக் கங்கு இன்னும் சிவப்பாக இருந்தது.

"வெடிப்புல கொட்டிருய்யா" என்றாள் மனைவி.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான் இது. அடுப்புச் சாம்பல், உடைந்த வளையல், முட்டை ஓடு எல்லாவற்றையும் வெடிப்பில் தள்ளுவோம். கரிசல் விழுங்கிக்கொள்ளும். மழை பெய்தால் வாயை மூடிக்கொள்ளும். மகன் தூருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய வெடிப்பில் கங்கைச் சரித்து, மேலே இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினான். சுர்ரென்று ஆவி எழுந்து அடங்கியது. காலால் ஒரு மண்கட்டியைத் தள்ளி மூடினான். கண்ணுக்குத் தெரிந்த தீ கண்ணுக்கு முன்னாலேயே அணைந்தது. அன்று மத்தியானம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடி பிறந்தது. மேற்கில் இருந்து காற்று இரவும் பகலும் நிற்காமல் அடித்தது. அடுத்த ஞாயிறு அடுப்பு மூட்ட முடியவில்லை. அந்த வாரத்தில்தான் எறும்புகள் வந்தன. பெரிய வெடிப்பில் இருந்து சாரை சாரையாக ஏறி, ஒவ்வொன்றும் வாயில் ஒரு வெள்ளை முட்டையைக் கவ்விக்கொண்டு, சுவர் மேல் போயின.

"முட்டையைத் தூக்கிட்டுப் போகுது பாருங்க. மழை வரப்போகுது" என்றாள் மனைவி. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சுவருக்கு அந்தப் பக்கமும் அதே பேச்சு.

"எங்க பக்கமும் போகுது மதினி! இந்தத் தடவை முந்தியே பெய்யும் போல."

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்று முறுக்கு மாதிரி காய்ந்திருந்தது. அதைச் சொன்னால் "உங்களுக்கு நல்லது எதுவுமே கண்ணுல படாதா?" என்றாள் மனைவி. குளியலறையில் ஒரே நாளில் மூன்று பூரான்கள் வந்தன. அதற்கும் மழைதான் காரணம் என்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் மழையை நம்பினாள். காட்டில் தனியாகப் போட்டு வைத்திருந்த கடலைக்கொடி நனைந்துவிடும் என்று, ஒரு டிராக்டரைப் பிடித்து அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எல்லாம் சுவரோரப் படப்பில் ஏறியது. மேலே தார்ப்பாய் போட்டுக் கல் வைத்துக் கட்டினாள். படப்பு இப்போது சுவரைவிட ஆள் உயரம் கூடுதலாக நின்றது. அவளிடம் இருந்த தீவனம் முழுவதும் ஒரே இடத்தில்.

இரண்டு நாள் கழித்து ஒரு வாசனை வந்தது. இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது வருமே, அந்த மாதிரி லேசான இனிப்புப் புகை. "எங்கயோ மூட்டம் போட்டிருப்பாங்க, காத்து கொண்டாருது" என்றான் மகன். காற்று மேற்கில் இருந்து வந்துகொண்டிருந்தது. வாசனையோ கீழே இருந்து வந்தது. குனிந்தால் கூடியது, நிமிர்ந்தால் குறைந்தது. இதையும் சொன்னேன். "அப்பா, நீங்க தீக்குச்சியைக் கண்டாலே வாளி தூக்குற ஆளு" என்று சிரித்தான். அன்று சாயங்காலம் ஆடுகள் இருபத்து மூன்றும் தொழுவத்தின் எதிர்மூலையில் நெருக்கியடித்து நின்றன. சுவரோரம் ஒன்றுகூடப் படுக்கவில்லை.

மறுநாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீரைத் தூருக்குப் பக்கத்து வெடிப்பில் துப்பினேன். அது மண்ணில் ஊறவில்லை. சத்தம் போட்டது.

குனிந்து வெடிப்போரத்தில் உள்ளங்கையை வைத்தேன். அந்த மூலைக்கு வெயில் வர இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் மண், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. தூர் மேலே பார்க்க அப்படியே இருந்தது. விளக்குமாற்றுக் கம்பால் அதைக் குத்தினேன். கம்பு வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. உள்ளே மரம் இல்லை. உருவிய கம்பின் முனை கருகியிருந்தது.

கட்டை கீழே, மண் மேலே. நாங்கள் மூட்டம் போட்டிருக்கிறோம். கொட்டிய கங்கு பக்கவாட்டில் இருந்த காய்ந்த தூரைப் பற்றி, வேருக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு மூட்டத்துக்குச் சில துளைகள் போதும். எங்கள் புறவாசலில் பதினேழு இருந்தன.

சுவர் மேல் எட்டிப் பார்த்தேன். படப்பின் அடியில், சுவர் மண்ணைத் தொடும் இடத்தில், நூல் மாதிரி புகை.

"தாயி! படப்பைப் பிரி! அடியில தீ இருக்கு!"

அவள் பால் கறந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க அண்ணாச்சி தீ? படப்புக்கு மேலயா, உங்க மண்டைக்குள்ளயா?"

"மண்ணுக்குள்ள! வேர்ல!"

"மண்ணு எங்கயாவது எரியுமா? மூணு நாள் முந்திதான கட்டி முடிச்சேன். முதுகு இன்னும் நிமிரல. மழை வரட்டும், எல்லாம் அணைஞ்சிரும்."

இத்தனை வருடமாக எல்லாவற்றுக்கும் பயந்தவன் பேச்சுக்கு அந்த மதிப்புதான். நான் மகனைக் கூப்பிட்டு அவன் கையைப் பிடித்து மண்ணில் வைத்தேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. சுவர் ஏறிக் குதித்தான்.

"அத்தை, அப்பா சொல்லுதது நெசம். கயித்தை அவுங்க."

தார்ப்பாயை இழுத்துப் போட்டோம். அவளும் மகனும் மேலே இருந்து கட்டுகளைத் தள்ள, நானும் என் மனைவியும் கீழே வாங்கித் தெருப்பக்கம் எறிந்தோம். காற்று வரும் பக்கத்தில்தான் எறிய வேண்டும் என்று கத்திக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. நாற்பது, ஐம்பது, தொண்ணூறு. ஒவ்வொரு கட்டும் குறையக் குறையப் புகை தடித்தது. சுமை இருந்தவரை காற்று புகாமல் தீ அடங்கிக் கிடந்தது. நாங்கள் திறந்துவிட்டுக்கொண்டிருந்தோம். நூற்று இருபதைத் தாண்டியபோது அடிக்கட்டுகள் தெரிந்தன. பச்சை மங்கிய மஞ்சளாக இருக்க வேண்டியவை காப்பித்தூள் நிறத்தில் இருந்தன. தொட்டதும் பொடிந்தன. காற்று ஒரு வீச்சு வீசியது. பொடி சிவந்தது.

"ஊத்துலே!"

ட்ரம்மில் வாரத்துக்கென்று பிடித்து வைத்திருந்த குடிதண்ணீர் எல்லாம் போனது. ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மகன் கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்தான். கை மொத்தத்தில் ஒரு வேர், நீளம் முழுவதும் கரியாகி, சுவருக்கு அடியில் இருந்து வந்து சரியாகப் படப்புக்குக் கீழே முடிந்தது. முனை இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

ஒன்பது கட்டுகள் போயின. மற்றவை தெருவில் சிதறிக் கிடந்தன. ஆடுகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடிவந்து அதில் வாய் வைத்தன. அவள் விரட்டவில்லை. கரி பூசிய கையோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நல்ல கரி அண்ணாச்சி. என் படப்புக்கு அடியிலேயே மூட்டம் போட்டுட்டீங்க." சற்றுக் கழித்து, "மழைன்னு நம்பித்தான எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டேன்" என்றாள். இதை என்னிடம் சொல்லவில்லை.

தீயணைப்பு நிலையத்தில் இருந்து இருவர் வந்து தூரைத் தோண்டித் தண்ணீர் அடித்தார்கள். தூரில் இருந்து ஐந்து வேர்கள் பிரிந்திருந்தன. மூன்று குளிர்ந்திருந்தன. ஒன்று நாங்கள் அணைத்தது. ஐந்தாவதுதான் பருமன், தொடை மொத்தம். அது எங்கள் அடுப்பங்கரையை நோக்கிப் போனது. தண்ணீர் அடித்தார்கள், கையை விட்டுப் பார்த்தார்கள். "அணைஞ்ச மாதிரிதான் இருக்கு. எதுக்கும் கவனிச்சுக்கோங்க சார்" என்று சொல்லிப் போனார்கள்.

கவனித்தேன். அடுப்பங்கரைத் தரையில் பன்னிரண்டுக்கு ஒன்பது, நூற்றெட்டு டைல்ஸ். தினமும் விடிந்ததும் ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். "நூத்தியெட்டுக்கும் அர்ச்சனை முடிஞ்சதா? காப்பி போடலாமா?" என்பாள் மனைவி. தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாது. தரைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது தெரியும். மேடைக்கு அடியில் இரண்டு கேஸ் சிலிண்டர்கள், ஒன்று ஓடுவது, ஒன்று நிறைந்தது. அவற்றை வெளித்திண்டுக்கு மாற்றச் சொன்னேன். வெயிலில் வைக்கக்கூடாது என்றான் மகன். அதுவும் சரிதான். மழை வரவில்லை.

இன்று காலையில் எண்பதைத் தாண்டும்போது ஒரு டைல்ஸில் கை தயங்கியது. சூடு என்று சொல்ல முடியாது. மனைவியைக் கூப்பிட்டேன். வெறுங்காலை வைத்துப் பார்த்தாள்.

"நேத்து வெயிலு. தரை இன்னும் ஆறல" என்றாள்.

சொல்லி முடித்துவிட்டு அவள் குனிந்தாள். டைல்ஸ் இடுக்கில் சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் இருந்து எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளை முட்டை. மேடைக் காலைச் சுற்றிக்கொண்டு சாரை வாசலைப் பார்த்துப் போனது.

மழை என்று அவள் சொல்லவில்லை. எழுந்து போய் மகனை எழுப்பினாள்.

அவன் முதலில் ரெகுலேட்டரைக் கழற்றினான். இரண்டு சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தெருவில், பக்கத்து வீட்டு வேப்பமர நிழலில் கொண்டுபோய் வைத்தான். அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை, ஆடுகளை அவிழ்த்து வெளியே ஓட்டினாள். பிறகு கடப்பாரையோடு உள்ளே வந்தான். மனைவி இரண்டு வாளிகளை நிரப்பி வைத்திருந்தாள்.

"எங்க குத்தணும்பா?"

"சுவர்ல இருந்து ஏழாவது வரிசை. இடப்பக்கம் இருந்து ஒம்பதாவது" என்றேன்.