இலவச அட்டைக்கு உடைந்த மூக்கு

இன்று ராபர்ட்சன்பேட்டையில் வாக்காளர் அட்டைத் திருத்த முகாம். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு செல்வராஜ்கள். இருவரும் கோரமண்டல் சுரங்கக் குடியிருப்புக்காரர்கள், இருவருக்கும் அப்பா பெயர் முனுசாமி. வீட்டு நம்பர் மட்டும்தான் வேறு.

மூன்றாவது முறையாக அச்சடித்துக் கொடுத்த அட்டையிலும் இவர் படம் அவர் அட்டையில், அவர் படம் இவர் அட்டையில்.

“ஃபார்ம நீதான்டா மாத்திக் குட்த்த!”

தடித்த செல்வராஜ் விட்ட குத்தில் ஒல்லி செல்வராஜின் மூக்கு உடைந்தது. படிவங்கள் மேலெல்லாம் ரத்தம்.

“இன்னாடா, மேல கைய வெக்கிற?” என்று ஒல்லியானவர் எழுவதற்குள் தடித்தவர் நாற்காலியை வீசினார். கவுன்ட்டர் கண்ணாடி தூள். கீழே கிடந்தவரை வயிற்றிலேயே மிதித்தார்.

ஜீப்பில் வந்த போலீஸ்காரர் இருவருடைய அட்டைகளையும் வாங்கினார். அடித்தவர் முகம் எந்த அட்டையில் இருந்ததோ, அந்த வீட்டு நம்பரை எழுதிக்கொண்டார்.

“சார், அது என் வூடு சார்!” என்று மூக்கைப் பிடித்தபடி அலறினார் ஒல்லியானவர்.

“போட்டோ அவுருதுதானே? சும்மா இருப்பா.”

ஆக, கேஸ் அடி வாங்கியவர் மேல்.

அட்டை நமக்கு இலவசம். அரசாங்கத்துக்கு மூன்று அச்சு, ஒரு கண்ணாடி, ஒரு ஜீப், இனி ஒரு கோர்ட்டு. பார்த்தால், ஓட்டுக்குக் கட்சிக்காரர்கள் கொடுக்கும் காசே மலிவு. இல்லை என்பவர்கள் கீழே கமென்ட்டில் வந்து சண்டை போடலாம், மூக்கு பத்திரம்.